போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாதது குறித்தும், அதன் காரணத்தை மறைத்தது குறித்தும் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் ஃபைபர் இணைப்பை வீட்டில் பயன்படுத்தி வருகிறேன். வேகத்தில் குறை இல்லை. ஆனால் வெளியிலிருந்து எந்த இணைப்பும் என் வீட்டு ரவுட்டரை வந்தடைவதில்லை. ஏன் என்று கேட்டால் உங்கள் உதவி மையம் சொல்வதில்லை.

பிள்ளைகள் நண்பர்களோடு விளையாடுவதற்காக வீட்டுக் கணினியில் மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் அமைத்தேன். கணினிக்கு மாறாத உள் ஐபி ஒதுக்கி, சர்வருக்கு வரும் இணைப்புகளுக்கான டிசிபி 25565 போர்ட்டை ரவுட்டரில் அதற்குத் திருப்பிவிட்டு (இதுதான் போர்ட் ஃபார்வர்டிங்), கணினியின் ஃபயர்வாலிலும் அனுமதி கொடுத்தேன். வீட்டுக்குள் சர்வர் நன்றாகவே இயங்குகிறது. வெளியே இருப்பவர்கள் யாராலும் உள்ளே வர முடியவில்லை. எக்ஸ்பாக்ஸுக்காக யுடிபி 3074 போர்ட்டைத் திறந்தும் நாட் (பல கருவிகள் ஒரே பொது முகவரியைப் பகிர உதவும் முகவரி மாற்று முறை) வகை 'ஸ்ட்ரிக்ட்' என்றே, அதாவது கட்டுப்பாடு மிகுந்தது என்றே, காட்டுகிறது.

உதவி மையத்தை அழைக்கும்போதெல்லாம் ரவுட்டரை அணைத்துப் போடுங்கள், ரீசெட் செய்யுங்கள் என்கிறார்கள். ரீசெட் செய்தால் வைஃபை பெயரிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி அமைக்க வேண்டும். கருவிகள் தாமாகவே ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துகொள்ள உதவும் யூபிஎன்பியை ஆன் செய்யுங்கள் என்றார் ஒருவர். கணினியை டிஎம்இசட்-இல் போடுங்கள் என்றார் இன்னொருவர். ரவுட்டருக்கு வரும் இணைப்புகள் எல்லாவற்றையும் அந்த ஒரு கணினியின் பக்கம் திருப்பிவிடும் வசதி அது. அதிலுள்ள ஆபத்தை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பரிந்துரைப்பது பொறுப்பான செயல் அல்ல.

காரணம் ரவுட்டரின் நிலைப் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் வான் (WAN) ஐபி, அதாவது இணையப் பக்கத்து முகவரி, 100.64 முதல் 100.127 வரையிலான வரம்புக்குள் வருகிறது. வெளியே தெரியும் ஐபியோ வேறு. அந்த வரம்பு, ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தரும் சிஜிநாட் முறைக்காக 2012-இல் ஒதுக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் இணைப்பு உங்கள் நாட் கருவியோடு நின்றுவிடுகிறது. அங்கே என் வீட்டுக்கென எந்த விதியும் இல்லை. என் ரவுட்டரில் எதை மாற்றினாலும் இது தீராது. யூபிஎன்பியும் டிஎம்இசட்டும்கூட அந்த ரவுட்டரோடு முடிந்துவிடுபவைதான்.

பழைய வகையான ஐபிவி4 முகவரிகளுக்குத் தட்டுப்பாடு இருப்பது எனக்குத் தெரியும். உலகளாவிய இருப்பே 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. ஆகவே சிஜிநாட் வைத்திருப்பதை நான் குறை சொல்லவில்லை. 'ஆன்லைன் கேமிங்குக்கு ஏற்றது' என்று விளம்பரம் செய்த திட்டத்தில் இதை ஏன் குறிப்பிடவில்லை? உங்கள் ஊழியர்கள் முதல் அழைப்பிலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது.

என் இணைப்புக்குப் பொது ஐபிவி4 முகவரி தாருங்கள். நிலையான ஐபி தேவையில்லை, மாறும் முகவரியே போதும். முகவரி மாறினாலும் ஒரே பெயரால் அணுக உதவும் டைனமிக் டிஎன்எஸ் வைத்துச் சமாளித்துக்கொள்வேன். பிசினஸ் திட்டத்துக்கு மாறினால்தான் கிடைக்கும் என்று உங்கள் ஊழியர் சொன்னதை என்னால் ஏற்க முடியாது. கட்டணம் உண்டென்றால் எவ்வளவு என்று எழுத்தில் தெரிவியுங்கள். புதிய வகை முகவரியான ஐபிவி6 ஏற்கெனவே தருகிறீர்கள், ஆனால் அதன் ஃபயர்வால் பக்கம் வாடிக்கையாளர் லாகினில் மறைக்கப்பட்டிருக்கிறது. அதையும் திறந்துவிடுங்கள். நண்பர்களிடமும் ஐபிவி6 இருந்தால் சர்வருக்கு அதுவே போதும்.

போர்ட் திறக்கவில்லை என்று அழைப்பவரிடம் ரீசெட் செய்யச் சொல்லும் முன், வான் ஐபியை வெளியே தெரியும் ஐபியோடு ஒப்பிடச் சொல்லும்படி உதவி மைய ஊழியர்களுக்கு அறிவுறுத்துங்கள்.

பொது முகவரி தர இயலாது என்றால், முன்கூட்டி விலகுவதற்கான அபராதம் இல்லாமல் ஒப்பந்தத்தை முடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். எதுவானாலும் உங்கள் முடிவை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவும். ரவுட்டர் நிலைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்