இரண்டு எண்களையும் எழுது

மண்டபம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். பனைக்குளத்துப் பையன் வெள்ளிக்கிழமை தோஹா திரும்புவதால் இதை அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். தொலைபேசியில் கேட்டால் ஒவ்வொரு முறையும் "நல்லாத்தான் இருக்கேன்ப்பா" என்று பேச்சை முடித்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி இடையில் துண்டிக்க முடியாது. விடுப்பு முடிந்து நீ புறப்பட்ட பிறகு, நீ படுத்திருந்த அறையின் பீரோவைத் துடைத்தபோது மேல் இழுப்பறையில் என் கண்ணில் பட்டதைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை. அம்மாவுக்கும் அது தெரியாது.

நீ ஏழாம் வகுப்பு படித்தபோது, என் மாணவர்களுக்காக வாங்கி வந்த ஆட்டு இதயத்தை அடுப்படி மேடையில் வைத்து உனக்கும் அறுத்துக் காட்டியது நினைவிருக்கும். பெருந்தமனிக்குள் சுண்டுவிரலை விட்டு, "இழுத்தா வருதுப்பா, விட்டா சுருங்கிடுது" என்றாய். இத்தனை வருடம் விலங்கியல் நடத்தியதில், யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதைக் கவனித்த பிள்ளை நீ ஒருவன்தான். இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அப்போது விரிந்து கொடுக்கும் பெருந்தமனி, இதயம் தளர்ந்திருக்கும் அடுத்த அரை நொடியில் தானாகச் சுருங்கி, ரத்தம் நில்லாமல் ஓடும்படி பார்த்துக்கொள்கிறது. இதயத் தசைக்கே உணவு கொண்டுசெல்லும் கரோனரி தமனிகளில் ரத்தம் பெரும்பாலும் பாய்வதும் அந்தத் தளர்வு நேரத்தில்தான். விறைத்துப்போன பெருந்தமனியால் இந்த வேலையைச் சரிவரச் செய்ய முடியாது.

அன்று இரண்டு கீழறைகளின் சுவரையும் விரலால் அழுத்திப் பார்த்து, ஏன் இடது பக்கம் இவ்வளவு தடிப்பு என்று கேட்டாய். மனிதருக்கும் இடது சுவர் வலதைவிட ஏறக்குறைய 3 மடங்கு தடிமன். வலது கீழறை பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு மட்டும் ரத்தம் அனுப்புகிறது. அதற்கு 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தமே போதும். அங்கே அழுத்தம் கூடவும் கூடாது, ஏனென்றால் நுரையீரலின் 30 கோடிக்குக் குறையாத காற்று நுண்ணறைகளில், காற்றையும் ரத்தத்தையும் பிரித்து நிற்பது ஒரு மைக்ரான்கூட இல்லாத மெல்லிய சவ்வு. இடது கீழறையோ உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அனுப்ப வேண்டியிருப்பதால் 120 வரை அழுத்த வேண்டியிருக்கிறது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு பெண் குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, ரத்தம் 8 அடிக்கு மேல் ஏறி நின்றதைக் கண்டு 1733-இல் நூலில் பதிவு செய்தார். இன்று கையில் ஒரு பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினால் முடிந்தது. அதற்கும் சிலருக்கு நேரம் வாய்ப்பதில்லை.

எண்ணெய்க் குழாய்களின் அழுத்தமானியை நேரம் தவறாமல் பார்த்துக் குறித்துவைப்பது உன் உத்தியோகம். அதில் நீ பெயரெடுத்திருப்பதை இங்கே தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். எனவே குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால் தடை 16 மடங்காகும் என்ற கணக்கை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரத்த அழுத்தம் 140-க்கு மேலேயே நிலைத்துவிட்டால் சிறு தமனிகளின் சுவர் தடித்து உள்வழி குறுகுகிறது. அந்தத் தடையை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இடது கீழறையும் தடித்துக்கொண்டே போகிறது. தடித்த தசை பலமான தசை என்று எண்ணிவிடாதே. அது விறைத்து, விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ள முடியாமல் போகும்போது, வரவேண்டிய ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்கி, அதன் நீர் காற்றறைகளுக்குள் கசிகிறது.

பெரியப்பா கடைசி வருடம் முழுவதும் திண்ணைத் தூணில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தபடியே உறங்கினார். படுத்தவுடன் கால்களிலிருந்த ரத்தமும் மார்புக்குத் திரும்புவதால் மூச்சு முட்டும். எழுந்து உட்கார்ந்தால் சற்றுத் தணியும். இளைப்பு என்று சொல்லிக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். கோளாறு தொடங்கிய இடம் நுரையீரல் இல்லை. உன் வயதைவிட அவருக்குச் சில வருடங்களே கூடுதல், அதற்கு முன்பு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. ரத்த அழுத்தம் உடம்புக்குச் சொல்லிக்கொண்டு ஏறுவதில்லை, தம்பி. உடம்பில் ஒன்றும் தெரியவில்லையே என்று மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். எண் இறங்கியதே அந்த மாத்திரையால்தான். நிறுத்தினால் சில நாட்களிலோ வாரங்களிலோ பழைய இடத்துக்கே ஏறிவிடும். பொதுவாகச் சொல்கிறேன்.

அம்மா உனக்காக நெத்திலிக் கருவாடும் சீலாக் கருவாடும் கட்டி வைத்திருந்தாள். நான் பையிலிருந்து எடுத்துவிட்டேன். காலையிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வீட்டுக் குழம்பிலேயே அது தீர்ந்துவிடும், கருவாட்டுக்கு இடமேது? உப்பு உடம்பில் நீரைப் பிடித்துவைத்து ரத்தத்தின் அளவைக் கூட்டும். பனங்கற்கண்டு மட்டும் வைத்திருக்கிறேன், அதையும் அளவாகச் சாப்பிடு.

கண்ணாடி மாற்ற வேண்டும் என்றாயே, கண் மருத்துவரிடம் போனால் விழித்திரையையும் பார்க்கச் சொல். உடம்பில் ரத்தக் குழாய்களை அறுக்காமல் நேரடியாகக் காணக்கூடிய இடம் அது. ஆனாலும் முதலில் அழுத்தத்தை அளந்து பார்.

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டன. பாம்பன் புதுப் பாலம் தூக்குவதைப் பேத்திக்குக் காட்ட வேண்டும். மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன்.

அளக்கும் முன் அரை மணி நேரம் காபி, டீ வேண்டாம். ஐந்து நிமிடம் பேசாமல், முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி உட்கார். கை இதயத்தின் மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். தொங்கவிட்டால் எண் கூடுதலாகக் காட்டும். ஒரு நிமிடம் விட்டு மறுபடியும் எடு. நலமாக இருக்கிறேன் என்று பதில் எழுதாதே. மேல் எண், கீழ் எண் இரண்டையும் எழுது. எழுத நேரமில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை போனில் முதலில் அவற்றைச் சொல், மற்றப் பேச்சு அதற்குப் பிறகு.

இப்படிக்கு,
அப்பா