நோட்டோவுக்குப் போகிறேன், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். என் சமையல் பதிவில் கூட எழுத்துப்பிழை கண்டுபிடித்து அனுப்பியவள் நீ, இதையும் படிக்காமல் இருக்க மாட்டாய். உன்னோடு சேர்ந்து ஊரும் படிக்கும். அதனால் சிலதை விட்டுவிடுகிறேன். ஜப்பானில், நோட்டோ தீபகற்பத்தில் அம்மாவோடு நாம் தங்கிய அந்த வீட்டுக்காரர்கள் பெயர் வேண்டாம், கிராமத்தின் பெயரும் வேண்டாம். பதினாறாம் நாள் நம் வீட்டு முற்றத்தில் நடந்த பேச்சும் இங்கே வேண்டாம்.

அம்மாவின் தலைத்திவசம் நல்லபடியாக முடிந்தது. உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சித்தி சொன்னாள். சரி.

நான் டிசம்பர் 5-ஆம் தேதி நோட்டோவில் இருப்பேன். டிக்கெட் போட்டாயிற்று.

"அவங்களே கஷ்டத்துல இருக்காங்க, நீ போய் வேடிக்கை பாக்கணுமா?" என்று கேட்பாய். நிலநடுக்கம் நடந்த சமயத்தில் அம்மாவிடமும் இதைத்தான் சொன்னாய். நியாயமான கேள்விதான், மறுக்கவில்லை. படிக்கிற மற்றவர்களுக்காக மட்டும் இரண்டு வரி: 2024 ஜனவரி 1, சாயங்காலம் 4.10. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் புத்தாண்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த நேரம். 7.6 அளவு. கடற்கரை சில இடங்களில் நாலு மீட்டர் வரை மேலே எழும்பி, துறைமுகங்களில் தண்ணீர் வற்றிப் படகுகள் தரைதட்டின. அம்மா அரக்குக் கிண்ணம் வாங்கிய வாஜிமா காலைச் சந்தை அன்று ராத்திரி எரிந்தது, சுமார் 240 கட்டடங்கள். அது போதாதென்று அதே செப்டம்பரில் பெருமழை. தற்காலிக வீடுகளுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது.

அன்று நம் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். டிவியில் சுனாமி எச்சரிக்கை ஓடுகிறது. அம்மா ஜப்பான் வரைபடத்தில் அந்த வளைந்த மூக்கைத் தேடச் சொன்னாள். கிட்டப் போய்ப் பார்த்தும் அவளுக்குத் தெரியவில்லை. "அந்தத் தாத்தா வீடு இருக்கான்னு கேளு" என்றாள். நீ கேட்டாய். கேட்கவில்லை என்று நான் சொல்லவில்லை. சாயங்காலம் வரை விடாமல் போன் போட்டது நீதான். பள்ளிக்கூட ஜிம்மில் இருக்கிறார்கள், உயிருக்கு ஆபத்தில்லை என்று நீ சொன்ன பிறகுதான் அம்மா சாப்பிட உட்கார்ந்தாள்.

அந்த வீட்டில் நாம் தங்கியதைப் பற்றி நீயும் நானும் ஒருநாளும் பேசியதே இல்லை. போட்டோக்களைப் பகிர்ந்துகொண்டோம், அவ்வளவுதான்.

முதலில் சமையலறை. இது உனக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். அந்த வீட்டுப் பாட்டி என்னைக் கூப்பிட்டு அடுப்பில் இருந்த இரண்டு பாத்திரங்களைக் காட்டினார். ஒன்றில் கட்சுவோ மீன் சீவல் மிதந்தது. இன்னொன்றில் கோம்பு கடற்பாசியும் காய்ந்த ஷீட்டாக்கே காளானும், முந்தின ராத்திரியே ஊறப்போட்டவை. கரண்டியால் இரண்டாவது பாத்திரத்தைக் காட்டி, அப்புறம் அம்மா இருந்த அறைப் பக்கம் நீட்டினார். பக்கத்திலேயே 1321-இல் தொடங்கிய சோஜிஜி ஜென் மடம் இருக்கிறது. மடத்துச் சைவச் சமையல் அந்த ஊர்ப் பெண்களுக்குப் புதிதில்லை. நீ போனில் அவரிடம் என்ன சொல்லியிருந்தாய் என்பதை நான் பிறகுதான் கேள்விப்பட்டேன். மீன் சாறு கொஞ்சம் சேர்ந்தால் பரவாயில்லை என்று. அவர்களுக்குச் சிரமம் வைக்கக்கூடாது என்று நினைத்திருப்பாய். அம்மாவுக்கு அது தெரியாமலே போயிற்று, நல்லது. ஆனால் ஒன்று, அந்தப் பாட்டி யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்ட சிரமம் அது.

குளியல் கதையை எழுதினால் நீ கோபப்படுவாய். ஆனாலும், வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுச் சுத்தமாகக் குளித்த பிறகுதான் தொட்டிக்குள் இறங்க வேண்டும், அந்த வெந்நீரைத்தான் வீடு முழுக்க அடுத்தடுத்து உபயோகிக்கும், விருந்தாளிக்கே முதல் முறை என்று கேட்டதும் அம்மா, "அப்போ நான் அழுக்காக்கிட்டா?" என்று அரை மணி நேரம் இறங்காமல் நின்றாள். நீ கதவுக்கு வெளியே நின்று "சத்தமாப் பேசாதம்மா" என்றாய். அந்த ஊரில் இருந்த நாள் முழுக்க நீ சொன்னது அதுதான். சத்தமாப் பேசாதம்மா. தொடாதம்மா. சிரிக்காதம்மா.

அப்புறம் அந்த ராத்திரி.

டிசம்பர் 5-ஆம் தேதி வயல் சாமியை வீட்டுக்கு அழைக்கிற ஆயெனோகோட்டோ நடக்கிற வீட்டில் ஓரமாக உட்கார நம்மை அனுமதித்ததே பெரிய விஷயம். 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய சடங்கு என்றாலும் அவரவர் வீட்டுக்குள் நடக்கிற காரியம்தானே. தாத்தா சம்பிரதாய உடையில் இருட்டும் நேரம் வயலுக்குப் போனார். மண்வெட்டியால் மண்ணைக் கொத்தி, வயல் சாமியைக் கூப்பிட்டார். புருஷன் பெண்டாட்டியாக இரண்டு சாமிகள். அறுப்பு முடிந்துவிட்டது, வீட்டுக்கு வந்து பிப்ரவரி 9 வரை இருங்கள் என்று அழைப்பு. நெற்கதிர் நுனி குத்தி அந்தச் சாமிகளுக்குக் கண் மங்கல் என்கிறார்கள். அதனால் அவர் மெதுவாக நடந்தார், வாசலில் நின்று 'இங்கே படி இருக்கிறது' என்று சொன்னார். யாரும் இல்லாத வெளியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து அடுப்புக் கணப்பில் உட்கார வைத்தார். குளிக்கக் கூட்டிப் போனார். தொட்டித் தண்ணீரில் கைவிட்டுச் சூடு பார்த்துவிட்டு, கதவை மூடிக்கொண்டு வெளியே காத்திருந்தார்.

"சாமி எவ்வளவு நேரம் குளிக்கும்?" என்று கேட்டாள் அம்மா. எனக்குச் சிரிப்பு வந்தது. தாத்தா திரும்பி, என்ன கேட்கிறார்கள் என்பதுபோல் உன்னைப் பார்த்தார். நீ ஒன்றுமில்லை என்று தலையாட்டினாய். அவர் அதற்கு ஒரு பதில் வைத்திருப்பார், அக்கா. அந்த வீட்டில் அன்று கேட்கத் தகுந்த ஒரே கேள்வி அதுதான்.

அப்புறம் படையல். பயறு போட்ட சிவப்புச் சோறு, தலையோடு மீன், இரண்டாகக் கிளைத்த முள்ளங்கி, அமாசாக்கே என்கிற இனிப்பான அரிசிப் பானம். இரண்டு சாமிக்கும் தனித்தனித் தட்டு. ஒவ்வொன்றையும் இது இன்னது என்று தாத்தா வாய்விட்டுச் சொல்லி வைத்தார், பார்க்க முடியாதவர்களுக்குச் சொல்வதுபோல. நம் ஊர் படையல் மாதிரிதான் என்று அம்மா காதில் சொன்னேன். சாமிகள் எழுந்த பிறகு வீட்டார் சாப்பிட்டார்கள், நமக்கும் பரிமாறினார்கள்.

அம்மாவுக்குக் கண்ணில் கிளாக்கோமா, பார்வை மங்கல் என்று அவர்களிடம் சொல்ல வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தாய். அம்மாவும் சரி என்றுதான் இருந்தாள். கிண்ணத்தைத் தேடிய அவள் கை மேஜை விளிம்பில் தடவிக்கொண்டு போனதைத் தாத்தா பார்த்துவிட்டார். சம்பிரதாய உடை கசங்க எழுந்து வந்து அம்மா பக்கத்தில் மண்டியிட்டார். சற்று முன்னால் சாமிக்குச் சொன்ன அதே குரலில், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு கிண்ணத்தின் விளிம்பையும் விரலால் தொட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினாள். அவளுக்கு ஒரு வார்த்தை புரியாது. கடைசிக் கிண்ணத்துக்கு வந்ததும் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். எதற்கென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நீ எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாய்.

அம்மாவைப் பார்த்து வெட்கப்பட்டுப் போனாய் என்றுதான் அப்போது நினைத்தேன். பதினாறாம் நாள் என் வாயில் வந்ததெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். இப்போது அழப் போயிருப்பாயோ என்று தோன்றுகிறது. தெரியவில்லை. டோக்கியோவில் நீ இருக்கிற நிஷி-கசாயில் குழம்பு வாசம் வந்தால் என்ன, குப்பையைத் தப்பான நாளில் வைத்தால் என்ன, குழந்தை குதித்தால் என்ன, யாரோ கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போவார்கள் என்று ஒரு தடவை சொன்னாய். இத்தனை வருஷம் அப்படி இருந்தவளுக்கு 'சத்தமாப் பேசாதே' என்பது மூச்சு மாதிரி வந்துவிடும். அது புரிகிறது. அந்தப் பயணத்துக்குச் செலவு செய்ததும் நீ, லீவு போட்டதும் நீ, கனசாவா நகரத்திலிருந்து அந்தப் பஸ்ஸில் அம்மா தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்ததும் நீ. நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரி. ஆனால் அம்மாவுக்கு இருந்தது கொஞ்ச நாள், அக்கா. அதில் ஒரு வாரம் அவளைக் குசுகுசுக்க வைத்தாய். சொன்ன விதத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். சொன்ன விஷயத்துக்குக் கேட்க மனசு வரவில்லை.

இன்னொன்று. பாட்டி உனக்கு லைன் ஆப்பில் அனுப்பிய செய்தி எனக்குத் தெரியும். உன் மகளைத் திட்டாதே, பாவம், அவள் எனக்கு அனுப்பவில்லை, பேச்சுவாக்கில் சொன்னாள். வீட்டில் ஆபத்து என்று சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டார்கள், இடித்தாயிற்று. வாய்க்கால் உடைந்து பாதி வயலுக்குத் தண்ணீர் இல்லை. இருந்தும் இந்த வருஷமும் சாமியை அழைக்கப்போகிறார்கள், தற்காலிக வீட்டில். இடம் சின்னது, சாமிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும், உங்கள் அம்மா இருந்திருந்தால் வரச் சொல்லியிருப்போம் என்று எழுதியிருக்கிறார். அதை நீ எனக்கு ஏன் அனுப்பவில்லை என்று கேட்க மாட்டேன் என்றுதான் உட்கார்ந்தேன். கேட்கிறேன். ஏன் அனுப்பவில்லை?

அவர்கள் வீட்டில் தங்க மாட்டேன். அங்கே தங்க இடமும் இல்லை. வாஜிமாவில் தொழிலாளர்கள் தங்கும் விடுதி ஒன்றில் கேட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் கனசாவாவில் தங்கி பஸ்ஸில் போய் வருவேன். பகலில் வயலில் கல் பொறுக்க ஆள் வேண்டுமாம், அது என்னால் முடியும். பாட்டிக்கு நான் நேராக எழுதிவிட்டேன், போன் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு. உடனே பதில் வந்தது: வா, குளிராக இருக்கும், கனமான சாக்ஸ் கொண்டு வா. நீ பயந்ததுபோல் யாரும் சிரமப்பட்டதாகத் தெரியவில்லை. ஒருவேளை சிரமப்பட்டும் சொல்லவில்லையோ என்னவோ. அதை நீதான் சரியாகக் கண்டுபிடிப்பாய், எனக்கு அந்தச் சூட்சுமம் இல்லை.

சுற்றுலா விசா வந்துவிட்டது. உன் அழைப்புக் கடிதம் தேவைப்படவில்லை. 3-ஆம் தேதி காலை நரிட்டாவில் இறங்குகிறேன். கூப்பிட வர வேண்டாம், லீவு கிடைக்காது. அம்மாவின் பச்சை ஸ்வெட்டர் உன்னிடம் இருக்கிறது, நீ எடுத்துக்கொண்டு போனது. நோட்டோ குளிருக்கு எனக்கு அது வேண்டும். உன் மகளிடம் கொடுத்து ஸ்டேஷனுக்கு அனுப்பினாலும் சரி.

உன் தங்கை