மூங்கில் வாங்கும் முன் இடத்தைப் பார்

அன்பு நண்பா,

மனோரா பக்கம் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் கடல்தாழை என்னும் கடற்புல்லை நடப் போவதாக எழுதியிருந்தாய். மனம் நிறைந்தது. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடல்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். ஆவுளியா என்று நாம் சொல்லும் அந்தக் கடல்பசுவுக்கு இரையே இந்தப் புல்தான்.

நாற்றைக் கட்டும் சட்டத்துக்கு மூங்கில் வாங்கும் முன் இடத்தைப் பார். அங்கே புல் ஏன் அழிந்தது? கடல்தரையை வாரிச் செல்லும் இழுவைமடி வலை இன்னும் அந்த வழியே போனால் எத்தனை நட்டாலும் வீண். முதலில் மீனவர்களிடம் பேசி அதை நிறுத்த வேண்டும். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார். தரை தொடுமுன் கண்ணுக்கு மறைந்தால் அங்கே வெளிச்சம் போதாது, விட்டுவிடு. சுற்றிலும் உயிருள்ள புல்லும் நடுவில் வெறும் திட்டும் இருக்கும் இடமே நல்லது.

வாடைக் காற்றில் அலையும் கலங்கலும் மிகும். மாசி, பங்குனியில் நட்டால் அடுத்த வாடைக்குள் வேர் பிடித்துக்கொள்ளும்.

நாற்றை ஒரே இடத்தில் பிடுங்காதீர்கள். அடர்ந்த பகுதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, கையால் மண்ணை விலக்கி, வேரோடும் மண்ணுக்குள் படரும் கிழங்குத்தண்டோடும் எடுக்க வேண்டும். ஒரு துண்டில் மூன்று நான்கு குருத்தாவது இருக்கட்டும். நுனி மொட்டு ஒடிந்தால் படர வெகுநாள் பிடிக்கும். சைமோடோசியா, சிரிங்கோடியம் என்னும் புல்வகை இரண்டிலும் தொடங்கலாம். பெரிய இலை எனாலஸ் மெதுவாக வளரும், இப்போது வேண்டாம். நாற்று வெயிலில் காயவே கூடாது. கடல்நீரில், நிழலில் வைத்து அன்றைக்கே நட்டுவிடுங்கள்.

ஒரு மீட்டர் சதுர மூங்கில் சட்டம், குறுக்கே தேங்காய்நார்க் கயிறு, அதில் நாற்றைத் தளர்வாகக் கட்டுவது: முறை இவ்வளவுதான். நைலான் வேண்டாம். நார் மட்கும்போது வேர் தரையைப் பிடித்திருக்கும், நைலானோ கடலிலேயே கிடக்கும். பச்சை மூங்கிலும் மிதக்கும் என்பதால் நான்கு மூலையிலும் முளையடித்து இறுக்குங்கள். சட்டம் ஆடினால் வேர் அறுந்துவிடும். பெரும்பாலும் தவறு நடப்பது ஆழத்தில்தான். கிழங்குத்தண்டு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண்ணுக்குள் இருந்தால் போதும். மேலே கிடந்தால் அலை கொண்டுபோகும். ஆழப் புதைத்தால் மூச்சுமுட்டி அழுகும்.

முதல் வாரங்களில் இலை உதிர்ந்தால் பதறாதே. தண்டைத் தொட்டுப் பார்: கெட்டியாக, வெளிறி இருந்தால் உயிர் இருக்கிறது. கறுத்துக் குழைந்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் செத்துவிட்டது. இலையில் பாசி தடித்துப் படிந்தால் துடைப்பதோடு நிற்காமல், பக்கத்தில் இறால் பண்ணைக் கழிவு எங்கே கலக்கிறது என்று தேடு.

மாதம் ஒருமுறை ஒவ்வொரு சட்டத்திலும் குருத்தை எண்ணச் சொல். பக்கத்தில் நடாத வெறும் திட்டு ஒன்றையும் சேர்த்து எண்ணுங்கள். அப்போதுதான் நட்டதால் வந்ததா, தானாக வந்ததா என்று தெரியும். கணக்கை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்