கடன்பட்டவருக்கு அவகாசம்

ஆசிரியருக்கு வணக்கம்.

இஸ்லாமியப் பொருளாதாரம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1963இல் எகிப்தின் மித் கம்ர் ஊரில் அஹ்மத் அல் நஜ்ஜார் தொடங்கிய சேமிப்பு வங்கியிலிருந்து இன்றைய வங்கிகள் வரை நிறையத் தகவல் இருந்தது. ஆனால் வட்டி ஏன் கூடாது என்ற கேள்விக்கு 'மத விதி' என்று ஒரே வரியில் பதில் முடிந்துவிட்டது. எனக்கு அதுதான் வருத்தம்.

வியாபாரத்தை அனுமதித்து வட்டியைத் தடுக்கும் வசனம் குர்ஆனில் 2:275. எல்லோரும் எடுத்துக்காட்டுவது அதைத்தான். ஐந்து வசனம் தள்ளிப் படியுங்கள். கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது என்கிறது 2:280. என்னைக் கேட்டால் ஆணிவேர் இதுதான். வாங்கியவரின் பயிர் கருகினாலும் கடை எரிந்தாலும் கொடுத்தவருக்கு மட்டும் மாதம் தவறாமல் பணம் வந்துகொண்டிருப்பது அநியாயம். லாபத்தில் பங்கு வேண்டுமென்றால் நஷ்டத்துக்கும் தோள் கொடுக்க வேண்டும். முளாரபா (ஒருவர் பணம், மற்றவர் உழைப்பு), முஷாரகா (எல்லோரும் முதல் போடுவது) என்ற கூட்டு ஒப்பந்தங்களின் அடிப்படை அதுவே. வசதியுள்ள முஸ்லிம்கள் கட்டாயம் கொடுக்க வேண்டிய ஜகாத்தும் அப்படித்தான்: ஆண்டுக்கு 2.5 சதவீதம் என்பது ஏழைக்குப் போடும் பிச்சை அல்ல, நம் செல்வத்தில் அவருக்குள்ள உரிமை.

எங்கள் பள்ளிவாசலின் பொது நிதியான பைத்துல்மாலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் நகைக் கடன் கொடுப்பார்கள். வளையலை எடைபோட்டு, காகிதத்தில் மடித்து, மேலே பெயர் எழுதிப் பெட்டியில் வைப்பார்கள். 10,000 வாங்கினால் திருப்பிக் கட்டுவதும் 10,000தான். போன மாதம் பீடி சுற்றும் அக்கா ஒருவர் தவணைக்குப் பணமில்லாமல் தயங்கி நின்றார். செயலாளர் நோட்டில் தேதியை அடித்து எழுதிவிட்டு, "ரெண்டு மாசம் கழிச்சுக் கட்டுங்கம்மா" என்றார். அந்த அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

பெரிய இஸ்லாமிய வங்கிகள் பலவற்றில் இந்த ஈரத்தைக் காணோம். காரை வாங்கி, லாபம் வைத்துத் தவணையில் விற்கும் முராபஹா சட்டப்படி வியாபாரம்தான், சரி. ஆனால் வாங்கியவரின் கஷ்டநஷ்டத்தில் வங்கிக்குப் பங்கில்லை என்றால், வட்டியைத் தடுத்த நோக்கம் அங்கே எப்படி நிறைவேறும்? கட்டுரையாளர் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஊருக்கு ஊர் நடக்கும் பைத்துல்மால்களைப் பற்றியும் எழுதுங்கள். எந்த வெள்ளிக்கிழமை மதியம் வந்தாலும் நேரில் பார்க்கலாம்.

– வாசகர், மேலப்பாளையம்