நமது கதையாட்டச் சங்கம், சேலம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை வளர்க்கும் கதையாட்டத்துக்காக அஸ்தம்பட்டியில் மாதந்தோறும் ஞாயிற்றுக்கிழமை கூடும் வழக்கம் இந்த ஆண்டும் தொடர்ந்தது. கோடையில் மட்டும் ஏற்காட்டுக்குப் போனோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது ஸ்டார் வார்ஸ் விண்வெளித் திரைப்படங்களின் கற்பனை உலகின் பழங்காலத்தில் நிகழும் நெடுங்கதையாட்டம். திரைப்படங்களின் காலத்துக்குச் சுமார் 4,000 ஆண்டுகள் முந்தைய காலம் அது. வெஸ்ட் எண்ட் கேம்ஸ் நிறுவனம் இந்த உலகுக்காக 1987இல் வெளியிட்ட முதல் விதிநூல் படங்களின் காலத்தைச் சார்ந்தது. பழங்காலத்துக்கான துணைநூல் 1996இல் வந்தது. பின்னர் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் அதே பழங்காலத்துக்கு இருபது முகப் பகடை முறையில் 2008இல் ஒரு நூல் கொண்டுவந்தது. நாம் எடுத்துக்கொண்டது பழைய ஆறு முகப் பகடை முறை. கடையில் கிடைக்கும் சாதாரணப் பகடையே போதும் என்பதால் புதியவர்களுக்குச் செலவில்லை.

படங்களின் காலத்தில் ஆடினால் பேரரசு வீழும் என்பது முன்பே தெரிந்துவிடுகிறது. படம் பார்த்தவர்கள் பேச, பார்க்காதவர்கள் ஒதுங்கி உட்காரும் நிலை வரும். பழங்காலத்துக்குப் போனதும் அந்த ஏற்றத்தாழ்வு போய்விட்டது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நம் உறுப்பினர் அந்தப் படங்களில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஆட்டக்காரர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான்.

இருட்பக்க விதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஃபோர்ஸ் என்பது அந்த உலகில் சிலருக்கு வாய்க்கும் மாய ஆற்றல்; இருட்பக்கம் அதன் தீய பக்கம். ஃபோர்ஸ் ஆற்றலால் தீங்கு செய்பவருக்கு இருட்பக்கப் புள்ளி ஒன்று சேரும். அப்போதே ஒரு பகடை உருட்ட வேண்டும். விழும் எண் அதுவரை சேர்ந்த புள்ளிகளைவிடக் குறைவாக இருந்தால், கதாபாத்திரம் ஆட்டக்காரர் கையை விட்டு, கதையை நடத்திச் செல்லும் நடத்துநரிடம் போய்விடும். முதல் புள்ளியில் ஆபத்தில்லை. இரண்டாவதில் ஆறில் ஒரு பங்கு ஆபத்து. ஏழாவதில் தப்பவே முடியாது. அக்காலக் கதைகளில் வரும் யூலிக் கெல்-டிரோமா, பகைவரை உள்ளிருந்தே அழிக்கப் போய் அவர்களில் ஒருவராகவே மாறிய ஜெடாய், அதாவது ஃபோர்ஸை நன்மைக்குப் பயன்படுத்தும் வீரர். அவருடைய வீழ்ச்சி படிப்படியாக வந்ததைப் போலவே இந்த விதியும் வேலை செய்கிறது.

ஏற்காட்டில், கைதியை வதைத்து உண்மையை வாங்கலாமா என்று மேசையில் நெடுநேரம் வாதம் நடந்தது. பட்டறைக்காரர் கூடாது என்றார். இன்னொருவர் ஊரைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்று துணிந்தார். அது அவருக்கு இரண்டாவது புள்ளி. பகடையில் ஒன்று விழுந்தது. மாதக்கணக்கில் வளர்த்த வீரரை நடத்துநரிடம் ஒப்படைத்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்குப் புதிய கதாபாத்திரத்தோடு வந்தார். அவரைச் சங்கத்தின் சார்பில் மனமாரப் பாராட்டுகிறேன்.

அம்மாபேட்டையிலிருந்து வரும் பள்ளி மாணவர்களுக்கு ஆங்கில விதிநூல் கடினமாக இருக்கிறது. ஆகவே வரும் ஆண்டில் விதிச்சுருக்கத்தையும் கதாபாத்திரத் தாளையும் தமிழில் அச்சிட வேண்டும். ஒருவரே மாதந்தோறும் ஆட்டத்தை நடத்துவது அவருக்குப் பெருஞ்சுமை. மேலும் இருவரைப் பழக்க வேண்டும். இவ்விரண்டையும் தீர்மானமாக முன்வைத்து, அறிக்கையை ஏற்குமாறு வேண்டுகிறேன்.

இவண்,
செயலாளர்