கண்காட்சி வைத்த ஆண்டு: செயலாளர் அறிக்கை 2025–26, கிருஷ்ணகிரி

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பெற்றோர்களே, படம் வரையும் நம் உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டறிக்கையில், மாற்றுத்திறனாளிகளான நம் உறுப்பினர்களின் ஓவியக் கண்காட்சியே முக்கால் பங்கை எடுத்துக்கொள்ளும். மற்ற வேலைகளைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அறிக்கை இணையத்திலும் போடப்படுவதால், குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி வரைந்தவர்களின் பெயர்கள் இதில் இல்லை. மண்டபத்தில் எல்லார் பெயரும் பெரிய எழுத்தில் இருந்தது, பார்த்தவர்களுக்குத் தெரியும்.

புதிய உறுப்பினர்களுக்காக முன்கதை கொஞ்சம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. இலவசக் கல்வி 18 வயது வரை என்கிறது. அப்புறம்? சிறப்புப் பள்ளியிலிருந்து வெளியே வந்த பிள்ளை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. நம் சங்கத்தில் உள்ள பெரும்பாலான வீடுகளில் இதுதான் நிலைமை. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு என்று சான்றிதழில் என்ன எழுதியிருந்தாலும் சரி, இருபது வயதுக்கு மேல் காலையில் எழுந்து போக ஓர் இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பு அதற்காகத்தான் ஆரம்பித்தது. வரைய வேண்டும் என்பதைவிட வீட்டைவிட்டு வெளியே வர வேண்டும் என்பதே அன்றைக்கு நோக்கம். நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வருபவருக்கும் டிக்கெட் இல்லை என்பது இதற்குப் பெரிய உதவி. ரயில் இல்லாத ஊரில் பஸ்ஸை விட்டால் நமக்கு வேறு என்ன இருக்கிறது?

வகுப்பில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு: வேறு யாரும் தாளில் கை வைக்கக் கூடாது. அம்மாவும் கூடாது, ஆசிரியரும் கூடாது. இது சொல்வதற்குச் சுலபம். மகன் ஆகாயத்துக்குக் கறுப்பு அடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்க்குக் கை துறுதுறுக்கத்தான் செய்யும். ஆனால் கையால் செய்யும் உதவியை ஓவியத்தில் செய்யாமல் சாமான்களில் செய்யலாம் என்று ஆசிரியர் காட்டிக் கொடுத்தார். விரல் இறுகிப்போனவருக்குத் தூரிகைக் காம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கினோம். தாள் நகராமல் நாலு மூலையிலும் டேப். ஈரம் கையில் பட்டாலே எழுந்து ஓடுகிறவருக்கு போஸ்டர் கலர் வேண்டாம், ஆயில் பேஸ்டல் போதும். ஒருவருக்கு மேசையே ஆகவில்லை, தரையில் சார்ட்டை விரித்துக் குப்புறப் படுத்துத்தான் வரைவார். படுக்கட்டும், நமக்கென்ன?

கண்காட்சி வைக்கலாம் என்று செயற்குழுவில் பேச்சு வந்தபோது முதல் கேள்வி, எங்கே? நம் ஊரில் மாங்கனிக்குக் கண்காட்சி உண்டு, ஓவியத்துக்கென்று கூடம் கிடையாது. ஓசூருக்கோ பெங்களூருக்கோ போகலாம் என்று சிலர் சொன்னார்கள். அக்கம்பக்கத்தார் பார்க்காத கண்காட்சி எதற்கு என்று தலைவர் கேட்டதும் பேச்சு அடங்கியது. ஆடி மாதம் முகூர்த்தம் இல்லாததால் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும், வாடகையும் இறங்கும். அந்தக் கணக்கில் ராயக்கோட்டை சாலையில் ஒரு மண்டபத்தை ஒரு சனி, ஞாயிறுக்குப் பிடித்தோம். டைல்ஸ் ஒட்டிய சுவரில் ஆணி அடிக்க உரிமையாளர் விடவில்லை. பந்தல்காரர் இரும்புச் சட்டங்களை நிறுத்தி வெள்ளைத் துணி கட்டிக் கொடுத்தார். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், சட்டம் சும்மா நிற்குமா? வெள்ளிக்கிழமை இரவே ஒரு வரிசை சாய்ந்தது. நல்லவேளையாகப் படங்களுக்குக் கண்ணாடி போடாமல் அக்ரிலிக் ஷீட் போட்டிருந்தோம். எம்-சாண்ட் மூட்டைகளைச் சட்டத்தின் காலில் வைத்துச் சமாளித்தோம். வாசல்படியில் சக்கர நாற்காலி ஏற, பக்கத்துக் கல்லுப் பட்டறைக்காரர் கனமான பலகை தந்தார். மணமகள் அறை அமைதி அறையானது. கூட்டம், வெளிச்சம், சத்தம் தாங்காதவர்கள் அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

சத்தம் என்றதும் மைக்செட் சண்டை நினைவுக்கு வருகிறது. ஒலிபெருக்கி கூடாது, மேளம் கூடாது, சீரியல் லைட் கூடாது என்று வகுப்பு ஆசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். மைக் இல்லாமல் திறப்பு விழாவா என்று நம்மில் பலருக்குச் சங்கடம். கடைசியில் மைக் இல்லாமல்தான் நடந்தது. பேச்சுகள் தாமாகவே சுருங்கின. இனி எல்லா நிகழ்ச்சிக்கும் இதையே வழக்கமாக்கலாம் என்பது என் தனிப்பட்ட ஆசை. டிசம்பர் 3 அன்று வைக்கலாமே என்றும் கேட்டார்கள். அன்றைக்கு எல்லா இடத்திலும் மாற்றுத்திறனாளிகள் தின மேடைதான். நம் ஆட்கள் வரிசையில் நின்று பரிசுப் பாத்திரம் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். ஆடியில் வருகிறவர்கள் படம் பார்க்க மட்டுமே வருவார்கள் என்று கணக்குப் போட்டோம். பெரும்பாலும் அப்படித்தான் ஆனது. வந்த பிரமுகர் ஒருவர் மட்டும் நாற்பது வயதைத் தாண்டிய உறுப்பினரின் கன்னத்தைத் தட்டி, கையில் சாக்லேட் கொடுத்தார். அவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, “படம் அந்தப் பக்கம் இருக்கு” என்று கை காட்டினார். பிரமுகரும் போய்ப் பார்த்தார்.

படத்தின் கீழே ஒட்டும் சீட்டில் என்ன எழுதுவது என்பது இரண்டு கூட்டங்களைச் சாப்பிட்ட விவாதம். குறைபாட்டின் பெயரைப் போட்டால்தான் மக்களுக்குப் புரியும், அனுதாபம் வரும், நாலு படம் விற்கும் என்று ஒரு தரப்பு. பெயர், படத்தின் தலைப்பு, எதில் வரைந்தது, விலை, இவ்வளவு போதும் என்று இன்னொரு தரப்பு. இரண்டாவது தரப்பே வென்றது. நானும் அந்தப் பக்கம்தான். அனுதாபப்பட்டு வாங்கிய படத்தை ஆளில்லாத அறையில் மாட்டுவார்கள், பிடித்து வாங்கினால்தான் கூடத்துக்கு வரும்.

இனி லாரிப் படத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். 44, 48, 77 என்று மூன்று தேசிய நெடுஞ்சாலைகள் சேரும் ஊர் நம்முடையது. பழையபேட்டையிலிருந்து வரும் நம் உறுப்பினர் வருடக் கணக்காக லாரியைத் தவிர வேறெதுவும் வரைந்ததில்லை. மாம்பழ லாரி, கிரானைட் லாரி, கன்டெய்னர். பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரியாத அந்தப் பக்கத்துச் சக்கரங்களையும் கீழே ஒரு வரிசையாக வரைந்துவிடுவார். சக்கரம் குறைந்தால் அவருக்கு அது லாரியே இல்லை. ஞாயிறு மதியம், வெளியே வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்க வந்த ஓட்டுநர் ஒருவர் கூட்டத்தைப் பார்த்து உள்ளே நுழைந்தார். கிரானைட் பாறை ஏற்றிய லாரிப் படத்தின் முன்னால் நின்று விரல் நீட்டி எண்ணினார். “பன்னெண்டும் இருக்கு. ஆனா லிஃப்ட் ஆக்சில் தூக்கியிருக்கணுமே, தரையில ஓடுதே?” என்றார். பக்கத்தில் நின்ற நம் ஆள் ஓட்டுநரின் முகத்தைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தபடியே, “லோடு இருக்கு” என்றார். அவ்வளவுதான். வெறும் வண்டியில்தான் அந்த அச்சைத் தூக்குவார்கள், பாரம் ஏற்றினால் இறக்கிவிடுவார்கள். எனக்கு இதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். ஓட்டுநர் சிரித்துவிட்டு, “அது சரிதான்” என்று ஒப்புக்கொண்டு பேரம் பேச ஆரம்பித்தார். விலை 1,200 ரூபாய். ஆயிரத்துக்குக் கேட்டார். “வேண்டாம்.” ஆயிரத்து நூறு? “வேண்டாம்.” முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்து, படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனார். அந்த இரண்டு நாளில் நடந்த உருப்படியான கலை விமர்சனம் இதுதான் என்று வகுப்பு ஆசிரியர் இன்றைக்கும் சொல்கிறார்.

நூல் சுற்றும் நம் சகோதரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் வரைய மாட்டார். கையில் கிடைத்த எதையும், கரண்டி, உடைந்த ரிமோட், செருப்பு, நூலாலும் புடவைக் கிழிசலாலும் சுற்றிக்கொண்டே இருப்பார், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் போகும்வரை. வீட்டில் இதை ஒரு தொல்லையாகவே பார்த்தார்கள். ராத்திரியில் அம்மா பிரித்துப் போட, காலையில் மகள் திரும்பச் சுற்றுவார். ஆசிரியர்தான் ஜூடித் ஸ்காட் என்ற அமெரிக்கப் பெண்மணியின் படங்களைத் தம் போனில் அந்த அம்மாவுக்குக் காட்டினார். 1943-இல் பிறந்தவர், டவுன் சிண்ட்ரோம், காதும் கேட்காது. முப்பது வருடங்களுக்கு மேல் காப்பகங்களில் அடைந்து கிடந்தவரை இரட்டைச் சகோதரி மீட்டுக் கலிஃபோர்னியாவுக்கு அழைத்து வந்தார். 1987-இல் ஓக்லண்டில் உள்ள கிரியேட்டிவ் குரோத் என்ற கலைக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே சாமான்களை நூலால் சுற்றிச் சுற்றி அவர் செய்த சிற்பங்கள் இன்று பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 2005-இல் காலமானார். அந்தக் கலைக்கூடமும் 1974-இல் ஒரு உளவியலாளரும் ஓவியரான அவர் மனைவியும் தங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் ஆரம்பித்ததுதான். சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம் அங்கிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகளை விலைக்கு வாங்கியிருக்கிறது. நம் கண்காட்சிக்குப் பிறகு, 2025 டிசம்பரில் இன்னொரு செய்தி வந்தது. பிரிட்டனின் பெரிய கலைப் பரிசான டர்னர் பரிசு நெனா காலு என்ற ஆட்டிசம் உள்ள கலைஞருக்குக் கிடைத்தது. கற்றல் குறைபாடு உள்ள ஒருவர் அதைப் பெறுவது அதுவே முதல் தடவை. அவரும் துணி, டேப், பழைய வீடியோ நாடா என்று சுற்றிச் சுற்றித்தான் சிற்பம் செய்கிறார். நூல் சுற்றும் சகோதரியின் அம்மாவுக்கு அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதில் இல்லை. அடுத்த ஞாயிறு ஒரு பை நிறைய தறி நூலோடு வந்தார்.

கண்காட்சியில் சுற்றிய பொருட்களைச் சாப்பாட்டுக் கூடத்தின் நீள மேசையில் வைத்தோம். அவற்றில் எதுவும் விற்கவில்லை, நிறையப் பேர் தொட்டுப் பார்த்தார்கள். ‘தொடலாம்’ என்று எழுதி வைத்ததும் நாம்தான்.

இப்போது பணம். விற்ற தொகையில் கலைஞருக்கு எவ்வளவு, சங்கத்துக்கு எவ்வளவு? வெளிநாட்டுக் கலைக்கூடங்களில் பாதிக்குப் பாதி பிரிப்பது உண்டு, நாமும் ஃபிரேம் செலவையாவது கழிக்கலாம் என்று ஒரு கருத்து வந்தது. இந்த ஆண்டு ஃபிரேம் செலவை நன்கொடையாளர்கள் ஏற்றதால் முழுத் தொகையும் வரைந்தவருக்கே என்று முடிவு செய்தோம். முடிவு எளிது, கொடுப்பது கடினம். கியூஆர் கோடு சங்கக் கணக்குடையது, பணம் அங்கே வந்து விழுந்தது. அதை அவரவர் கணக்குக்கு மாற்றப் போனால் சிலருக்குக் கணக்கே இல்லை. பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய் அம்மாவோடு சேர்ந்த கணக்கில் வருகிறது. ஒரு வங்கியில் கையெழுத்து ஒன்றுபோல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சொத்து வைத்துக்கொள்ளவும் தன் பண விவகாரத்தைத் தானே பார்த்துக்கொள்ளவும் மாற்றுத்திறனாளிக்கு மற்றவர்களைப் போலவே உரிமை உண்டு என்று 2016 சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. துணை தேவைப்படுபவர்களுக்கு 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழு பாதுகாவலர் சான்று தருகிறது. அந்தச் சான்றை ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கியும் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அச்சிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு துணைச் செயலாளர் ஏறி இறங்கினார். இப்போது ஒரு குடும்பம் தவிர மற்ற எல்லோருக்கும் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. லாரி வரைந்த நம் உறுப்பினர் தம் பணத்தில் அப்பாவுக்குச் சட்டை எடுத்தார். மிச்சத்துக்குச் சார்ட் வாங்கினார், எல்லாமே நீல நிறம்.

தொழிற்சாலை ஒன்று நம் படங்களைக் காலண்டரில் போடக் கேட்டது. பேசினோம். படம் வரைந்தவருக்கே அதன் பதிப்புரிமை, அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தொகையும் எழுத்து ஒப்பந்தமும் வேண்டும் என்றோம். ‘நாங்கள் விளம்பரம்தானே செய்து தருகிறோம்’ என்றார்கள். அதோடு பேச்சு நின்றது.

மற்ற பணிகள்: மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை விண்ணப்பங்களுக்கு உதவி தொடர்ந்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்கும் வேலையும் நடந்தது. புதுப்பிக்காதவர்கள் இன்றே பொருளாளரைப் பாருங்கள். ஓவிய வகுப்பை ஊரிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனோம். நடுகற்களின் முன்னால் எல்லோரும் ரொம்ப நேரம் நின்றார்கள், அதற்கடுத்த வாரங்களில் வில் பிடித்த வீரர்கள் நிறைய வந்தார்கள், லாரியில் ஏறிய வீரர் உட்பட. சங்கப் பதிவுச் சட்டப்படியான படிவங்கள் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யப்பட்டன. மறைந்த உறுப்பினர்களுக்குத் தலைவர் தனியே அஞ்சலி செலுத்துவார்.

பொதுக்குழுவின் முடிவுக்கு இரண்டு பொருள்களை வைக்கிறேன். ஒன்று, அடுத்த கண்காட்சியிலும் விற்ற தொகை முழுவதும் கலைஞருக்கே போக வேண்டும், சாமான் செலவுக்குத் தனி நிதி திரட்ட வேண்டும் என்பது. கலைஞர்களுக்கு வசதியும் ஆதரவும் தர வேண்டும் என்று 2016 சட்டத்தின் 29-ஆம் பிரிவே அரசைச் சொல்வதால், மாவட்ட நிர்வாகத்திடம் மண்டப வாடகைக்காவது கேட்டுப் பார்க்கலாம். இரண்டு, செயற்குழுவில் இதுவரை பெற்றோர்கள் மட்டுமே இருக்கிறோம். வரைகிற உறுப்பினர்களில் இருவரைச் செயற்குழுவில் சேர்க்க விதியைத் திருத்த வேண்டும். இதற்கு எதிர்ப்பு இருப்பதும் எனக்குத் தெரியும், எதிர்ப்பவர்கள் முதலில் பேசட்டும்.

அறிக்கையை ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்