ஓநாய் இப்ப எங்கே இருக்கு? – சிறார் நூல் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சின்னப் பிள்ளைகளுக்குத் தேவதைக் கதைகளைப் படக்கதைகளாக வெளியிடும் பதிப்பாளர்களுக்கும், அவற்றைத் திருப்பி எழுதித் தரும் எழுத்தாளர்களுக்கும் வணக்கம்.

நான்கு வயது மகளுக்குத் தினமும் ராத்திரி கதை படித்துக் காட்டும் தாய் நான். போன மாதம் சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதைப் புத்தகம் ஒன்று வாங்கினேன். பயமில்லாத கதை என்று அட்டையிலேயே போட்டிருந்தது. அதில் ஓநாய் யாரையும் விழுங்குவதில்லை. பாட்டி அலமாரிக்குள் ஒளிந்துகொள்கிறாள், ஒருவர் வந்து அதட்டுகிறார், ஓநாய் காட்டுக்குள் ஓடிவிடுகிறது. அவ்வளவுதான். படிக்கும்போது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. விளக்கை அணைத்ததும் மகள் கேட்டாள்: "அம்மா, ஓநாய் இப்ப எங்கே இருக்கு?" காட்டில் இருக்கிறது என்றேன். "திரும்பி வருமா?" வராது என்று சொல்ல அந்தக் கதையில் எனக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. மூன்று ராத்திரி ஜன்னலைச் சாத்தச் சொன்னாள்.

அப்புறம் நூலகத்திலிருந்து, ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் கதையை ஒட்டி எழுதிய புத்தகம் ஒன்றை எடுத்து வந்தேன். அதில் ஓநாய் பாட்டியையும் பேத்தியையும் விழுங்கிவிடுகிறது. வேட்டைக்காரர் வயிற்றைக் கிழித்து இருவரையும் உயிரோடு வெளியே எடுக்கிறார். வயிற்றில் கல்லை நிரப்பியதும் ஓநாய் விழுந்து சாகிறது. தயங்கித் தயங்கித்தான் படித்தேன். "செத்துப்போச்சா?" என்றாள். செத்துப்போச்சு என்றேன். திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். வயிற்றைக் கிழிக்கும் இடத்தில் அழும் பிள்ளையும் இருக்கும். ஆனால் பயத்தைக் கிளப்பும் கதை, அதை முடித்தும் வைக்க வேண்டும். கதையில் ஓநாயை வரவழைத்துவிட்டு, அதன் முடிவை மட்டும் வெட்டினால், மிச்சமிருக்கும் ஓநாய் பிள்ளையின் படுக்கைக்கு வந்துவிடுகிறது.

மூலக் கதையில் கை வைக்கவே கூடாது என்று வாதாட வரவில்லை. இந்தக் கதைகளுக்கு ஒரே மூலம் என்று எதுவும் இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697-இல் அச்சிட்ட சிவப்புத் தொப்பிக் கதையில் ஓநாய் சிறுமியைத் தின்றுவிடும், காப்பாற்ற யாரும் வருவதில்லை. வேட்டைக்காரர் வருவது கிரிம் கதையில். கிரிம் சகோதரர்களும் தங்கள் புத்தகத்தைப் பதிப்புக்குப் பதிப்பு மாற்றினார்கள். குழந்தைகளுக்கென்றே 50 கதைகளைப் பொறுக்கி 1825-இல் தனிச் சிறு பதிப்பு கொண்டுவந்தார்கள். 1812-இல் வந்த முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் அவளைப் பெற்ற தாய். 1819-இல்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள். தாய் அப்படிச் செய்வாளா என்ற கூச்சம்தான் காரணமாக இருக்க வேண்டும். அந்தக் கூச்சத்தின் பாரத்தை இன்றைக்கும் மாற்றாந்தாய்மார்கள் சுமக்கிறார்கள். என் மகளின் தோழி ஒருத்தி அப்படி ஒரு தாயிடம் வளர்கிறாள், அன்பான பெண்மணி. இரண்டு பிள்ளைகளையும் உட்காரவைத்துப் படித்த நாளில், அந்தச் சொல் வந்த இடத்திலெல்லாம் 'பொல்லாத ராணி' என்று மாற்றிப் படித்தேன். கதை எங்கேயும் தட்டவில்லை. மாற்ற வேண்டும் என்றால் இந்த மாதிரி இடங்களில் மாற்றுங்கள்.

சில கதைகளில் வெட்டவே வேண்டாம், சரியான வடிவத்தை எடுத்தால் போதும். சிண்ட்ரெல்லாவின் அக்காமார் செருப்புக்காகக் காலை வெட்டிக்கொள்வதும், புறாக்கள் அவர்கள் கண்ணைக் கொத்துவதும் கிரிம் கதை. பெரோவின் சிண்ட்ரெல்லா அவர்களை மன்னித்துவிடுகிறாள். நான்கு வயதுக்கு அதுவே போதும். டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் கடல்கன்னி அப்படியில்லை, அவளுக்கு இளவரசன் கிடைப்பதில்லை, கடைசியில் கடல்நுரையாகக் கரைந்துவிடுகிறாள். அவளுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்து மூன்று வயதுப் பிள்ளையிடம் கொடுப்பதைவிட, பிள்ளை வளரும்வரை காத்திருக்கலாம்.

நான் கேட்பது பின்னட்டையில் நான்கு வரி. யாருடைய வடிவத்தைத் தழுவியது, திருப்பி எழுதியவர் யார், கதையில் சாவு உண்டா, கெட்டவருக்கு என்ன ஆகிறது. திருப்பி எழுதியவர் பெயரே இல்லாத புத்தகங்கள் எங்கள் வீட்டில் எத்தனையோ இருக்கின்றன. இன்னொன்று, வயது 3 முதல் 8 வரை என்று போடாதீர்கள். மூன்று வயதுக்கு ஒரே வரி திரும்பத் திரும்ப வர வேண்டும், ஏழு வயதுக்கு ஹான்சலும் கிரேட்டலும் காட்டில் வழி தவறுவது பிடிக்கும்.

மகள் இப்போது மூன்று பன்றிக்குட்டிகள் கதை கேட்கிறாள். கடையில் மூன்று புத்தகங்களைப் புரட்டினேன். ஒன்றில் முதல் இரண்டு குட்டிகளையும் ஓநாய் தின்றுவிடுகிறது, ஒன்றில் ஓநாய் கொதிக்கும் பானைக்குள் விழுகிறது, இன்னொன்றில் வாலைச் சுட்டுக்கொண்டு ஓடிப்போகிறது. இதில் எதுவும் அட்டையில் இல்லை. கடையில் நின்றபடியே மூன்றையும் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, பானைக் கதையை எடுத்து வந்தேன்.

அன்புடன்,
உங்கள் புத்தகங்களைத் தினமும் உரக்கப் படிக்கும் ஒரு தாய்